வீடு விழுங்கிய கல்லூரி

புதுச்சேரியின் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி பஸ்ஸிலேயே தொடங்கிவிடும். மாணவர்களுக்கென்று அரசு ஓட்டிய சிறப்புப் பேருந்துக்கு ‘ஒரு ரூபாய் பஸ்’ என்றே பெயர், டிக்கெட் அவ்வளவுதான். விடியலில் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு ஓடிவந்து ஏறுகிற பெண், உட்கார இடம் கிடைத்த பிறகுதான் முதல் நாள் நோட்டைத் திறப்பாள். பக்கத்தில் இருப்பவளிடம் புரியாத கணக்கைக் கேட்பாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாயும் அந்தப் பஸ்ஸிலேயே வந்துவிடும். அரை மணியோ முக்கால் மணியோ, அது அவளுடைய நேரம். வீட்டில் அப்படி ஒரு நேரம் அவளுக்குக் கிடையாது.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசி முடித்தபோது அந்த நேரம் போய்விட்டது. இருபத்தொரு நாள் ஊரடங்கு என்றார்கள். மூன்று வாரம் லீவு என்று பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிய பிள்ளைகளில் பலர், பழையபடி வகுப்பில் போய் உட்கார ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் தங்கள் வகுப்பறையைக் கண்ணால் பார்க்கும் முன்பே முதல் செமஸ்டர் பாடங்களை முடித்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் டவர், டேட்டா, ஸ்மார்ட்போன் என்று பேசி முடித்துவிடுகிறோம். அதுவும் உண்மைதான், அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால், கிராமத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்பது முதலில் ஓர் இடம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கதவைச் சாத்தினால் கிடைக்கும் அமைதி, ‘நீ படிக்கிறவள்’ என்று ஊரே ஒப்புக்கொள்ளும் சில மணி நேரம். அந்த இடத்தைப் பறித்துக்கொண்டு, பாடத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பாடத்தை வீடு விழுங்கிவிட்டது.

தவளக்குப்பத்திலிருந்து உள்ளே திரும்பும் சாலையில் இருக்கிறது அபிஷேகப்பாக்கம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பதினாறு கைகளோடு நரசிம்மர் வீற்றிருக்கும் சிங்கிரிகுடி. அபிஷேகப்பாக்கம் புதுச்சேரி, சிங்கிரிகுடி தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் துண்டு துண்டாக விழுந்த எல்லை, 1954-ல் அவர்கள் போன பிறகும் அப்படியே கிடக்கிறது. சாதாரண நாளில் அது யார் கண்ணிலும் படாது. பெண் எடுக்கவும் கொடுக்கவும், பெட்ரோல் போடவும், பெருமாளைச் சேவிக்கவும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற மண். ஊரடங்கில்தான் அதை எல்லை என்று உணர்ந்தோம். முள்ளோடையில் தடுப்பு, மதகடிப்பட்டில் தடுப்பு, கோரிமேட்டில் தடுப்பு.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி எட்டாத தூரத்தில் இருந்ததில்லை. தவளக்குப்பத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. நகரத்துக்குள் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி. லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியும், மேற்படிப்புக்குக் காஞ்சி மாமுனிவர் நிறுவனமும். ஊரைக் குறுக்கே கடந்து வடக்கே போனால் காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அப்பா கொத்தனாராகவும் அம்மா நடவுக்குப் போகிறவராகவும் இருந்தும் மகள் எம்.எஸ்ஸி. படிக்கிற வீடுகள் உண்டென்றால், அதற்கு இந்தக் கல்லூரிகளும் அந்த ஒரு ரூபாய் பஸ்ஸும்தான் காரணம். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஏற்பாடு ஒரே இரவில் ஒரு போனுக்குள் போனது.

ஒரு நாள் கூலி, ஒரு ரீசார்ஜ்

போன் எங்கிருந்து வந்தது? 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்றின்படி, இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் நூற்றுக்கு 4.4, ஏதோ ஒரு வகையில் இணைய வசதி இருந்தவை 14.9. இரண்டு ஆண்டு கழித்துக் கொரோனா வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் கிராமத்து வீடுகளைப் பார்த்த ‘ஏசர்’ ஆய்வு, 2018-ல் நூற்றுக்கு 36.5 வீடுகளில் இருந்த ஸ்மார்ட்போன் 2020-ல் 61.8 வீடுகளுக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. வருமானம் நின்றுபோன ஆண்டில் இத்தனை வீடுகள் போன் வாங்கியிருக்கின்றன! இது முன்னேற்றத்தின் கணக்கென்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடகுக் கடைக்குப் போன கம்மலின் கணக்கும் அதில் இருக்கிறது. வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் தளர்த்தியது. அந்த அளவுக்கு வீடுகள் நகையை நம்பி நின்ற காலம் அது.

போன் ஒரு முறைச் செலவு. டேட்டா அப்படி இல்லை. நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் திட்டங்கள் அப்போது 199 ரூபாயிலிருந்து 249 ரூபாய் வரை இருந்தன. அதே 2020-21-ல் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி, தமிழ்நாட்டைப் போலவே புதுச்சேரியிலும் 256 ரூபாய். ஓர் ஆள் வெயிலில் ஏரி மண் வெட்டிய ஒரு நாள், ஒரு ரீசார்ஜுக்குச் சரியாகப் போனது. அதுவும் மாதம் என்று சொல்லி விற்றது 28 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். ரீசார்ஜ் மட்டும் பதின்மூன்று. முப்பது நாளுக்கான திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது 2022 ஜனவரியில்தான். அதற்கு முன்பே, 2021 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கட்டணம் ஏறிவிட்டது.

ஒன்றரை ஜி.பி. எவ்வளவு நேரம் வரும்? காலை ஒன்பதரைக்கு கூகுள் மீட் திறந்தால், படமும் குரலுமாக மூன்று வகுப்பு தாண்டுவதே பெரிய காரியம். அதே போனில் தங்கைக்கும் ஸ்கூல் வகுப்பு இருந்தால் பதினொன்றுக்கே ‘டேட்டா காலி’. அதன் பிறகு வேகம் 64 கே.பி.பி.எஸ். அந்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் ‘சார், கேக்கல’ என்று எழுதி அனுப்பலாம். சாரின் குரல் வந்து சேராது.

சிக்னலுக்காக மொட்டை மாடிக்கும் களத்துமேட்டுக்கும் போன பிள்ளைகளின் படங்களை எல்லோரும் பத்திரிகைகளில் பார்த்தோம். மாடியே இல்லாத, ஷீட் போட்ட வீட்டுப் பிள்ளை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் வெயிலில் அந்த ஷீட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருப்பதே ஒரு தண்டனை. அந்த ஆண்டு இயற்கையும் விடவில்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்தன, கரன்ட் போனது. அடுத்த வாரமே புரெவியின் மழை. கரன்ட் இல்லையென்றால் சார்ஜ் இல்லை. சார்ஜ் இல்லையென்றால் அட்டெண்டன்ஸ் இல்லை.

‘அதாவதுப்பா…’

வகுப்பு வீட்டுக்கு வந்தபோது, மகள் வீட்டில் இருக்கிறாள் என்பதே எல்லோருக்கும் தெரிந்தது. அவள் வகுப்பில் இருக்கிறாள் என்பது தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், அம்மாவின் கண்ணுக்குச் சும்மா இருக்கும் பெண்தான். ‘அடுப்பைப் பாரு’, ‘பால்காரர் வந்திருக்காரு’, ‘தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடு.’ இதில் அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தன் வாழ்நாளில் ஒரு வகுப்பை வீட்டுக்குள் பார்த்ததே இல்லை. பையன்கள் வேறு வழியில் போனார்கள். அப்பாவுக்கு வேலை இல்லை. பெயின்ட் அடிக்கவும், காய்கறி வண்டி தள்ளவும், உணவு டெலிவரிக்கும் கிளம்பிவிட்டார்கள். வகுப்பில் லாகின் போட்டு, மியூட்டில் வைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் ஏணியிலிருந்தபடியே ‘பிரசன்ட் சார்’. அதை ஏமாற்று வேலை என்று சொல்லுகிறவர்கள், அந்த வீட்டு அரிசிப் பானையையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆனால், இந்த ஆன்லைன் காலத்தின் ஆழமான இழப்பாக நான் நினைப்பது வேறொன்று. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அரசு கலைக் கல்லூரியில் வகுப்பு எப்படி நடக்கும் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். பேராசிரியர் ஆங்கிலத்தில் தொடங்குவார். ஐந்து நிமிடம் போனதும் எதிரே உள்ள முகங்களைப் பார்ப்பார். முதல் வரிசை தலையாட்டும். நடு வரிசை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் ஒருவன், ஒன்றும் விளங்காமல் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருப்பான். அவன் முகம் பட்டதுமே பேராசிரியரின் வாய் தானாகத் தமிழுக்கு மாறும். ‘அதாவதுப்பா…’ என்று ஆரம்பிப்பார். மின்தடையைச் சொல்ல தண்ணீர்க் குழாயைக் கொண்டுவருவார். தேவை-வழங்கலைச் சொல்ல உழவர் சந்தைத் தக்காளியைக் கொண்டுவருவார். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் அந்த ‘அதாவதுப்பா’வில்தான் இருக்கிறது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. முகத்தைப் பார்த்ததால் பிறந்தது.

போன் திரையில் முகம் இல்லை. டேட்டா மிச்சப்படுத்தக் கேமராவை நிறுத்தச் சொன்னார்கள். வீட்டைக் காட்டக் கூச்சப்பட்டுப் பிள்ளைகளும் நிறுத்தினார்கள். அறுபது கட்டங்களில் அறுபது முதலெழுத்துகள். எந்தக் கட்டத்துக்குப் பின்னால் விளங்காத கண் இருக்கிறது என்று பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? ‘புரியுதா?’ என்று கேட்பார். மௌனம். ‘ஆடிபிளா?’ என்று கேட்பார். ஒருவர் மட்டும் ‘எஸ் சார்’ என்று டைப் செய்வார். பாடம் ஆங்கிலத்திலேயே ஓடி முடிந்துவிடும். ஆசிரியர்களும் அந்த நாட்களில் சுவரோடு பேசிப் பேசிச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால், அவர்களுக்குப் பாடம் முன்பே தெரியும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்கப் பயந்த சில பிள்ளைகள், சாட்டில் தயங்காமல் கேட்டார்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களையும், 2017 முதல் நடக்கும் ‘ஸ்வயம்’ தளத்தையும் முதன்முதலில் தேடிப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய வீடியோ, மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு வரம்தான். அந்த வரத்தை அனுபவிக்க ஒரு தனி மூலையும், தொந்தரவில்லாத இரண்டு மணி நேரமும் வேண்டியிருந்தன. அவை இருந்த வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள்.

பியூரெட் பிடிக்காத வேதியியல்

அறிவியல் படித்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் திருகைத் திருப்பி, ஒரு சொட்டு கூடினால் நிறம் மாறிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கணத்தை வீடியோவில் காட்டலாம். கையில் கொடுக்க முடியாது. ஒன்றரை ஆண்டுச் செய்முறையைப் பார்த்தே முடித்துப் பட்டம் வாங்கியவர்கள், வேலைக்குப் போன இடத்தில் கை நடுங்கி நின்றார்கள்.

தேர்வு தனிக் கதை. இறுதியாண்டுத் தேர்வை 2020 செப்டம்பர் இறுதிக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்று யு.ஜி.சி. ஜூலை 6 அன்று சொன்னது; உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28-ல் அதை ஏற்றது. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று புதுவைப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு: கட்டணம் கட்டியிருந்தால் அரியர் எல்லாம் பாஸ் என்று அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஆகஸ்ட் 26 அன்று அறிவிக்க, மாணவர்கள் பேனர் கட்டினார்கள், பிறகு விவகாரம் நீதிமன்றம் போனது.

வீட்டில் எழுதிய விடைத்தாளைப் போனில் படமெடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குப் பிள்ளைகள் பழகிவைத்திருந்த செயலி கேம்ஸ்கேனர். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. தேர்வு நேரத்தில் வேறொன்றைத் தேடிக் கற்றுக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் எழுதியதைவிட, ‘அப்லோடிங்’ என்று சுற்றிக்கொண்டிருந்த அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடம்தான் கொடுமை என்று அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும்.

இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தை நினைக்கவே மனம் பதறுகிறது. கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஜிப்மரிலும் படுக்கைக்காக அலைந்த குடும்பங்களில் செமஸ்டர் எழுத வேண்டிய பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கென்று மே 29 அன்று பி.எம்.கேர்ஸ் திட்டம் அறிவித்தார்கள். பெற்றோர் இறந்த நாளில் பதினெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வயதில், இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அநாதையான பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது?

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜி.பி. தரும் டேட்டா கார்டை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. அரசு கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, உதவித்தொகை பெறும் சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் என்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளைக் கணக்கில் வைத்த திட்டம். சிங்கிரிகுடிப் பக்கத்திலிருந்து கடலூருக்குப் போய்ப் படித்தால் கார்டு உண்டு. அபிஷேகப்பாக்கத்திலிருந்து தவளக்குப்பத்துக்குப் போய்ப் படித்தால் இல்லை. நடந்து கடக்கிற தூரத்தில் இருந்தது அந்த வித்தியாசம்.

சரி, இதை யாரிடம் போய்ச் சொல்வது? பிற மாநிலத்து வாசகர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்: புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அதுவும் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் என்று அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றது. ஆக, கொரோனாவின் எல்லா அலைகளிலும் இந்தக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பஞ்சாயத்துத் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. போதாக்குறைக்கு, 2021 பிப்ரவரியில் நாராயணசாமி ஆட்சியும் கவிழ்ந்து, மே மாதம் ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்கும்வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. ‘எங்கள் தெருவில் டவர் எடுக்கவில்லை, பிள்ளைகளுக்கு ஒரு கூடத்தையாவது திறந்துவிடுங்கள்’ என்று சொல்ல, ஊருக்குள் பொறுப்பான ஒரு கதவு இல்லை. தொழில்நுட்பம் வரவில்லை என்று சொல்வதைவிட, ஊருக்கு வாய் இல்லாமல் போனது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அண்டையில் கேரளம் என்ன செய்தது? 2020 ஜூனில் பள்ளிப் பாடங்களைத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டி.வி. வைத்துக் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் நூலகமும் உள்ளாட்சியும் உயிரோடு இருந்ததால் முடிந்தது. அதே மாநிலத்தில் 2019 செப்டம்பரிலேயே, விடுதியில் செல்போனுக்குக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கொரோனாவுக்கு ஆறு மாதம் முன்பு!

2021 செப்டம்பரில் கல்லூரிகள் திறந்தன. பிள்ளைகள் திரும்பியபோது, ஒரு ரூபாய் பஸ்ஸுக்காகவே தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் மதுரையில் மாணவர்கள் வீதிக்கு வந்து, தேர்வை ஆன்லைனில் வையுங்கள் என்று கேட்டார்கள். ஊர் சிரித்தது, ‘காப்பி அடிக்கத்தானே’ என்றது. ஆன்லைனில் பாடம் நடத்திவிட்டு, நடத்தியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே நேரில் தேர்வு வைப்பது மட்டும் எந்த நியாயம்? வேலைக்கான நேர்காணலில் பட்டம் வாங்கிய ஆண்டைப் பார்த்ததும் ‘ஓ, கொரோனா பேட்ச்சா?’ என்று புருவம் தூக்குகிறவர்கள், அந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளை எத்தனை நூறு முறை லாகின் போட்டது என்று கேட்பதில்லை. அறுந்து அறுந்து வந்த குரலைக் கேட்டு, ஒரே போனைப் பங்கு போட்டு, அடுப்பையும் பார்த்துக்கொண்டு ஒரு பட்டத்தை முடித்தவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால், அந்தப் பட்டத்துக்கு மதிப்பு கூடுதல்.

புதுச்சேரியில் நூலகம் புதிதல்ல. ரோமன் ரோலண்ட் நூலகம் தொடங்கியது 1827-ல். கலை பண்பாட்டுத் துறை கிராமங்களிலும் கிளை நூலகங்களை நடத்துகிறது. கிராமப் பஞ்சாயத்துவரை கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுபோகும் திட்டத்துக்கு, பின்னாளில் பாரத்நெட் என்று பெயர் பெற்றதற்கு, 2011-லேயே மத்திய அரசு ஒப்புதல் தந்துவிட்டது. கட்டடம் இருக்கிறது, கம்பிக்குத் திட்டம் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புதுச்சேரி அரசுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இணையமும், கரன்ட் போனாலும் அணையாத விளக்கும், இருபது பேர் உட்கார மேசை நாற்காலியும் போட்டு, இரவு ஒன்பது மணிவரை திறந்து வையுங்கள். பெண் பிள்ளைகள் தயங்காமல் வந்துபோக ஒரு பெண் பணியாளரை அங்கே வையுங்கள். இன்னொன்று, உள்ளாட்சித் தேர்தலை இனியும் தள்ளாமல் நடத்துங்கள்.